குட்டி ரயிலுக்கு ஈ.பி. லைன் இழுத்த கதை

மாடல் ரயில் செய்கிற ஆட்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் கரண்ட் கம்பத்துக்கு வருவார்கள். பல பேர் வருவதே இல்லை. தண்டவாளம் போட்டு, மலை கட்டி, தேயிலை நட்டு, ஸ்டேஷனுக்கு ஓடு வேய்ந்து, பிளாட்பாரத்தில் ஆளையும் நிறுத்தியாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் மேலே வெறும் வானம். நம்ம ஊரில் அப்படி ஒரு வானம் எங்கே இருக்கிறது? குன்னூரில் நின்று எந்தப் பக்கம் போட்டோ எடுத்தாலும் குறுக்கே நாலு கம்பி வரும். சுற்றுலா வருகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இடம் மாறி நிற்பார்கள். எனக்கோ அந்தக் கம்பிதான் வேண்டும்.

தொழில் அப்படி. குன்னூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். தேயிலை ஃபேக்டரிகளில் இலை வாட்டுவதற்குக் காற்றடிக்கும் ஃபேன் மோட்டார், டிரையர் மோட்டார், தோட்டத்துப் பம்பு என்று எது எரிந்தாலும் எங்களைப் போன்ற கடைகளுக்குத்தான் வந்தாக வேண்டும். செம்புக் கம்பி நாள் முழுக்கக் கையில் புழங்குகிற பொருள். வீட்டு மாடியில் பத்தடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் குட்டி ரயில் ஓடுகிற ஒரு லேஅவுட் கட்டியிருக்கிறேன். ஊட்டி மலை ரயில் பாதையில் இருக்கிற கேத்தி ஸ்டேஷனை மனதில் வைத்துக் கட்டியது, ஆனால் அச்சு அசல் கேத்தி இல்லை. மேலே ஒரு தேயிலை ஃபேக்டரி, நடுவில் ரோடு, கீழே ஸ்டேஷன், ஓரத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். காலம் 1980-கள். அப்போது மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி வரைக்கும் நீராவி எஞ்சின்தான். கேபிள் டிவி வயர் இன்னும் கம்பங்களில் தொற்றிக்கொள்ளாத காலம். அதுவும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன்: இன்றைக்கு இருக்கிற ஒரு கம்பத்தைச் செய்ய வேண்டுமென்றால் அதில் சுருட்டித் தொங்கவிட்ட நெட் கேபிளைச் செய்யவே ஒரு மாதம் பிடிக்கும்.

அளவு 1:87. மலை ரயில் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1000 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 11.5 வருகிறது, கடையில் கிடைக்கிற 12 மி.மீ. தண்டவாளம் அதற்குப் போதும். கம்பத்துக்கும் இதே கணக்குதான். வீடுகளுக்குக் கரண்ட் கொண்டுபோகும் தாழ்வழுத்த (எல்.டி.) லைனுக்குப் போடுகிற சிமெண்ட் கம்பம் 8 மீட்டர் நீளம். அதில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போய்விடும். மிச்சம் 6.67 மீட்டர், அதாவது மாடலில் 77 மி.மீ. பதினோராயிரம் வோல்ட் போகும் ஹெச்.டி. லைன் கம்பம் 9.14 மீட்டர், பழைய கணக்கில் முப்பது அடி. அது தரைக்கு மேலே 88 மி.மீ. நிற்கும். படம் பார்த்துக் கண்ணளவில் வைக்கிறவர்கள் பெரும்பாலும் கம்பத்தை உயரமாக்கிவிடுகிறார்கள். பக்கத்தில் எஞ்சினை நிறுத்திப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

கம்பம் எங்கே நட வேண்டும் என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: கரண்ட் எங்கிருந்து வருகிறது, யார் வீட்டுக்குப் போகிறது? இதற்குப் பதில் இல்லாமல் நட்ட கம்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பொய்யாகத்தான் தெரியும். நீலகிரியில் கரண்டுக்குக் கதை நிறைய உண்டு. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காகக் காட்டேரி அருவியில் மின்சாரம் எடுத்தது ஒரு காலம். 1932-ல் பைகாரா மின்நிலையம் ஓட ஆரம்பித்து கீழே கோவை மில்களுக்குக் கரண்ட் இறங்கியது. அப்புறம் கனடா நாட்டு உதவியோடு குந்தா. என் லேஅவுட்டில் அவ்வளவு பெரிய விஷயத்துக்கெல்லாம் இடமில்லை. இடது ஓரத்தில் மலைக்குப் பின்னாலிருந்து ஹெச்.டி. லைன் வருகிறது, ஃபேக்டரிக்கு ஒரு கிளை பிரிகிறது, மற்றது சரிவில் இறங்கி ரோட்டோரம் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மருக்கு வருகிறது. அங்கிருந்து எல்.டி. லைன் ஸ்டேஷனுக்கும் லைன் வீடுகளுக்கும் போகிறது. பென்சிலால் இதைக் கோடு போட்டுப் பார்த்ததுமே பாதிக் கம்பங்கள் தானாக இடம் பிடித்துக்கொண்டன.

ஹெச்.டி. கம்பங்களுக்குத் தண்டவாளத்தையே எடுத்துக்கொண்டேன். அசலிலும் பழைய தண்டவாளத்தை வெட்டிக் கம்பமாக நட்டிருப்பதை எத்தனையோ இடத்தில் பார்த்திருப்பீர்கள். 1.4 மி.மீ. உயரமுள்ள மாடல் தண்டவாளத்தில் மிச்சம் விழுந்த துண்டுகள் இதற்குப் பொருத்தமாக இருக்கின்றன. அலுமினியப் பெயிண்ட் அடித்து, அடியில் கொஞ்சம் துரு நிறம், முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் திண்டு. சிமெண்ட் கம்பத்துக்குக் காலாவதியான ஏ.டி.எம். கார்டு. அதன் நீளம் 85.6 மி.மீ. தரைக்கு மேலே 77 போக, பலகைக்குள் செருகவும் கொஞ்சம் மிஞ்சும். தடிமன் 0.76 மி.மீ., அசலைவிடக் கொஞ்சம் மெலிசு, பரவாயில்லை. மேலே போகப் போக ஒடுங்குகிற மாதிரி வெட்ட வேண்டும். நடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லைன் போகிற திசையிலேயே நின்று பார்த்தால் கம்பத்தின் அகலமான முகம் தெரிய வேண்டும். காற்று கம்பியைப் பக்கவாட்டில் தள்ளும்போது தாங்குவதற்காக அப்படித்தான் நடுவார்கள். மூங்கில் குச்சி பக்கம் நான் போகவில்லை. எங்கள் ஊர் ஈரத்துக்கு ஆடி மாதத்தில் அது பூஞ்சை பிடித்து, புரட்டாசியில் வளைந்துவிடும். மழைக் காலத்தில் மாடியில் ஒரு அறுபது வாட் பல்பு எரிந்துகொண்டே இருக்கும். கடையில் காயிலுக்கு வார்னிஷ் காய வைக்கிற அதே வழக்கம்தான்.

இனி ஸ்டே, அதாவது கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டுகிற கம்பி. இந்தப் பதிவையே இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற லைன்மேன் அண்ணன் கடைக்கு அடிக்கடி வருவார். ஒரு நாள் போனில் யாரோ வெளிநாட்டுக்காரர் செய்த லேஅவுட்டின் படத்தைக் காட்டினேன். பிரமாதமான வேலை. மரத்தின் பட்டை வரைக்கும் தெரிகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு தம்பி, ஆனா இந்த வளைவுல ஸ்டே இல்லாம போஸ்ட் எப்படி நிக்குது?" என்றார். அதற்கப்புறம் எந்த மாடலைப் பார்த்தாலும் என் கண் அங்கேதான் போகிறது.

விஷயம் எளிமையானது. நேராகப் போகிற லைனில் கம்பத்தை இரண்டு பக்கமும் கம்பி சமமாக இழுக்கிறது, கம்பம் நிற்கிறது. லைன் திரும்பினால் இரண்டு இழுவையும் சேர்ந்து கம்பத்தை வளைவின் உள்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். அதனால் வெளிப்பக்கமாக ஒரு ஸ்டே கம்பி கட்டி மண்ணில் இறக்க வேண்டும். லைன் முடிகிற கடைசிக் கம்பத்துக்கும், டிரான்ஸ்ஃபார்மர் ஸ்ட்ரக்சருக்கும் பின்னால் இழுத்துக் கட்ட வேண்டும். சமவெளியில் ஒரு கிலோமீட்டர் லைனில் இரண்டோ மூன்றோ ஸ்டே பார்த்தால் அதிகம். மலையில் நேர் கோடு என்பது ஏது? ரோடு வளைகிறது, லைனும் கூடவே வளைகிறது, ஏறக்குறைய ஒன்று விட்டு ஒரு கம்பத்துக்கு ஸ்டே. நம்ம மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள்: 46 கிலோமீட்டரில் 208 வளைவு. பக்கத்திலேயே ஓடிய தந்திக் கம்பங்களை நட்டவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இதில் இன்னொரு சிக்கல், ஸ்டே கட்ட இடம் வேண்டும். கம்பத்தில் இருந்து தள்ளி, முடிந்தால் 45 டிகிரி சாய்வில் இறங்க வேண்டும். மலை ரோட்டில் ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் பள்ளம். ஸ்டே இறங்க வேண்டிய இடத்தில் ரோடே ஓடும். அப்போது வளைவின் உள்பக்கத்தில் இன்னொரு கம்பத்தைச் சாய்த்து முட்டுக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டைக் கம்பம் நட்டு, ரோட்டுக்கு மேலே வண்டி இடிக்காத உயரத்தில் ஸ்டே கம்பியை அதற்குக் கொண்டுபோய், அங்கிருந்து தரைக்கு இறக்குவார்கள். என் லேஅவுட்டில் மூன்று வகையும் இருக்கிறது. முட்டுக் கம்பம் ஒன்றே போதும், பார்க்கிற நம்ம ஊர்க்காரர் "அட, இது நம்ம பக்கம்தான்" என்று சொல்லிவிடுவார். தேயிலைச் செடியை எத்தனை பச்சையாகச் செய்தாலும் அது கேரளமாகவும் இருக்கலாம், இலங்கையாகவும் இருக்கலாம்.

ஸ்டே கம்பியின் நடுவே ஒரு முட்டை இன்சுலேட்டர் வரும். லைன் கம்பி அறுந்து ஸ்டே மேல் விழுந்தாலும் கீழே தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது, அதற்காக. ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். மாடலில் ஃபெவிகால் ஒரு சொட்டு, காய்ந்ததும் மேலே பழுப்புப் பெயிண்ட். முடிந்தது.

அடுத்து தொய்வு. ரப்பர் நூல் ஒன்று மாடல்காரர்களுக்கென்றே விற்கிறார்கள். கை பட்டாலும் அறாது, தள்ளினால் நீண்டு திரும்பி வந்துவிடும். வசதிதான். ஆனால் அது எப்போதும் வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக நிற்கும், தொய்வே வராது. தொய்வில்லாத ஈ.பி. லைனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் அந்த நூலை ஸ்டேஷன் முன்பக்கத் தந்திக் கம்பங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன், தண்டவாளம் துடைக்கும்போது கை அங்கேதான் போகும். மற்றதெல்லாம் செம்புக் கம்பி.

கம்பி எந்த கேஜ், அதாவது எவ்வளவு கனம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. லைனில் போடுகிற அலுமினியக் கம்பியில் ஸ்குரில் என்கிற ரகம் 6.33 மி.மீ. கனம், வீசல் 7.77, ராபிட் 10.05. வீசலை 87-ஆல் வகுத்தால் 0.089 மி.மீ. எங்கள் கடையில் 44 கேஜ் கம்பி 0.081. இதைவிடப் பொருத்தம் வேண்டாம். எரிந்த காயிலில் உருவிய கம்பியை எடுக்காதீர்கள், வார்னிஷ் ஏறி முறுக்கிக்கொண்டிருக்கும். புது ரீலில் இருந்து இரண்டடி எடுத்து, ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைக் குறட்டால் மெதுவாக இழுத்தால் ஓர் இடத்தில் கம்பி லேசாக இளகிக் கொடுப்பது கையில் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். கம்பி நூல் பிடித்த மாதிரி நேராகிவிடும். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் அறும்.

நேரான கம்பியை இனி வளைக்க வேண்டும். இவ்வளவு சின்னக் கம்பி தன் எடையில் தானாகத் தொங்காது, அதற்கு அந்த கனம் கிடையாது. அதனால் வளைவை நாமே கொடுக்க வேண்டும். எந்த வளைவு? இதற்கு நான் கண்டுபிடித்த வழி வீட்டுக்காரியின் மெல்லிய தங்கச் சங்கிலி. ஒரு அட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு கம்பத்து உச்சிகளும் இருக்கிற இடத்தில் இரண்டு குண்டூசி குத்தி, சங்கிலியைத் தொங்கவிட வேண்டும். தொங்குகிற சங்கிலியின் வளைவும் தொங்குகிற கம்பியின் வளைவும் ஒன்றுதான். எடை எவ்வளவாக இருந்தாலும் வடிவம் மாறாது. சங்கிலியைக் கூட்டிக் குறைத்து வேண்டிய தொய்வு வந்ததும் பின்னால் பென்சிலால் கோடு இழுத்துக்கொள்ளலாம். 250 மி.மீ. இடைவெளிக்கு நான் 4 மி.மீ. வைத்தேன். அந்தக் கோட்டின் மேல் கம்பியைக் கட்டைவிரல் நகத்தால் நீவி நீவிப் படிய வைத்தால் சரியான வளைவு. "கொக்கி போச்சுன்னா ஆசாரிகிட்ட நீங்கதான் போகணும்" என்பது மட்டும்தான் சங்கிலியைத் தருவதற்கான நிபந்தனை.

சரிவில்தான் வேடிக்கை. ஒரு குண்டூசியை மேலே ஏற்றிக் குத்திப் பாருங்கள். சங்கிலியின் தாழ்ந்த இடம் நடுவில் இருந்து கீழ் ஊசியின் பக்கம் நகரும். இரண்டு ஊசிகளின் உயர வித்தியாசம் தொய்வைப் போல நான்கு மடங்கைத் தாண்டிவிட்டால் தாழ்ந்த இடம் என்று ஒன்று நடுவில் இருக்கவே இருக்காது, கம்பி மேலிருந்து கீழ்க் கம்பம் வரை இறங்கிக்கொண்டே போகும். ஃபேக்டரியில் இருந்து ரோட்டுக்கு வருகிற என் லைன் முழுக்க இப்படித்தான். அங்கே நடுவில் தொங்குகிற மாதிரி செய்தால் ஏதோ சரியில்லை என்று கண் சொல்லிவிடும், என்னவென்று மட்டும் சொல்லத் தெரியாது.

பள்ளத்தில் நிற்கும் ஒரு கம்பம் இருந்தது, இரண்டு பக்கமும் லைன் மேலே ஏறுகிற இடம். லைன்மேன் அண்ணன் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தார்: "அந்த போஸ்ட்ல பின்னு போட்டா கம்பி மேல எகிறிக்கும் தம்பி. டிஸ்க் போட்டு ரெண்டு பக்கமும் கட் பாயிண்ட் பண்ணிருங்க." அதாவது கம்பி அங்கே கம்பத்தைக் கீழே அழுத்தாது, மேலே தூக்கும். சாதாரண இடத்தில் கம்பி பின் இன்சுலேட்டரின் தலையில் உட்கார்ந்திருக்கும். இங்கே கிராஸ் ஆர்ம் என்கிற குறுக்குச் சட்டத்தில் இருந்து இரண்டு பக்கமும் டிஸ்க் இன்சுலேட்டர் படுத்த வாக்கில் இழுபட்டு நிற்க, கம்பி அதோடு முடிந்து, இரண்டு பக்கக் கம்பியையும் இணைக்கிற ஜம்பர் கீழே ஒரு வளையமாகப் போகும். மாடலில் செய்ய அதிக வேலைதான். ஆனால் எல்லாக் கம்பமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இல்லாமல் போனதற்கு இந்த ஒரு கம்பம்தான் காரணம்.

இன்சுலேட்டர்களுக்குப் பாசிமணி. 1.5 மி.மீ. அளவில் காப்பிக் கொட்டை நிறத்தில் கிடைக்கிறது, ஹெச்.டி. பின் இன்சுலேட்டருக்கு அது போதும். உச்சியில் ஒன்று, வி வடிவக் கிராஸ் ஆர்மின் இரு முனையில் இரண்டு. எல்.டி. லைனுக்கு வெள்ளை ரீல் இன்சுலேட்டர் வேண்டும்: டெலிபோன் வயரின் மேலுறையை உருவி, பிளேடால் ஒரு மில்லிமீட்டர் வளையங்களாக நறுக்கினால் ஆயிற்று. கம்பத்தின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக ஐந்து: மூன்று பேஸ், தெருவிளக்குக்கு ஒன்று, நியூட்ரல் ஒன்று. மணிக்குள் கம்பியைக் கோக்க மெல்லிய ஊசி வேண்டும். கேத்தியிலேயே ஊசிக் கம்பெனி இருக்கும்போது அதற்கு ஏன் கவலை. ஒட்டுவதற்கு ஃபெவிக்விக், ஆனால் பாட்டிலில் இருந்து நேராக விடாமல் குண்டூசி முனையில் தொட்டு வைக்க வேண்டும். கடைசியில் கம்பிக்கெல்லாம் மங்கலான சாம்பல் நிறம். செம்பு நிறத்தில் விட்டால் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

ரோட்டைக் கடக்கிற இடத்தில் லைனுக்குக் கீழே கார்டிங் போட்டேன். இரண்டு ஜி.ஐ. கம்பியை இணையாக இழுத்து, நடுவே குறுக்குக் கம்பிகள் கட்டிய ஒரு ஏணி மாதிரி. மேலே லைன் அறுந்தால் ரோட்டில் விழாமல் அதில் விழுந்து, எர்த் ஆகி ஃபியூஸ் போய்விடும். மாடலில் இதற்கு 46 கேஜ், 0.06 மி.மீ. மூச்சு விட்டாலே அசைகிற கம்பி. ஜன்னலைச் சாத்திவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்கிற வேலை.

மரங்களையும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. தேயிலைக்கு நடுவே நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் லைன் பக்கத்துக் கிளைகளை மட்டும் கழித்துவிட்டேன். மழைக்கு முன்னால் வந்து வெட்டிவிட்டுப் போகிறார்களே, அந்த ஒருபக்க மொட்டை. கற்பூர மரங்களுக்கு நடுவே லைனுக்காக ஒரு சந்தும் விட்டிருக்கிறேன்.

தந்திக் கம்பங்களில் ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. ரயில்வேயில் ஓர் இடத்தைச் சொல்ல கிலோமீட்டர் எண்ணோடு கம்பத்தின் எண்ணையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். என் கம்பங்களிலும் எண் எழுதினேன். இப்போது வண்டி தடம் புரண்டால் மகன் கீழே இருக்கிற எனக்குக் கம்பத்து எண்ணைச் சொல்லிக் கத்துகிறான்.

டிரான்ஸ்ஃபார்மரும் நின்றுவிட்டது. பள்ளிக்கூட ரப்பரை வெட்டி உடம்பு, 24 கேஜ் கம்பியை வளைத்து ரேடியேட்டர் குழாய், சிவப்பு எழுத்தில் அபாயப் பலகை, கம்பத்தில் ஏறாமல் இருக்க முள்கம்பிச் சுற்று. லைன் வீடுகளுக்கு சர்வீஸ் வயர்தான் பாக்கி. லைன்மேன் அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஏ.பி. ஸ்விட்ச் எங்க?" என்று கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம்தான், அது இல்லாமல் லைனை ஆஃப் பண்ணி ஏற முடியாது. மேலே மூன்று பிளேடு, கீழே வரை ஒரு ராடு, கைப்பிடி எல்லாம் வரைந்து வைத்துவிட்டேன். கைப்பிடிக்குப் பூட்டும் வேண்டும் என்கிறார். 1:87-ல் பூட்டு அரை மில்லிமீட்டர். அது மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.